சும்மா இருந்தவர்கள்

தணிகைவேல் தன் வாழ்நாளில் ஒரு சாதனை செய்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றிரண்டு கேள்விகள் இருந்த குடும்பக் கணக்கெடுப்புப் படிவத்தை ஒன்பது கேள்விகளாகச் சுருக்கியதுதான் அது. மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் நாற்காலியைத் தேய்த்ததற்கு விளைந்த ஒரே விளைச்சல். யார் வீட்டுக்கு வந்தாலும் காப்பி வருவதற்கு முன்னால் அந்தக் கதை வந்துவிடும். "தொண்ணூறு கேள்வி கேட்டா எவன்வே உண்மையைச் சொல்லுவான்?" என்று கேட்டுவிட்டு, வந்தவர் சிரிக்கிற வரைக்கும் விடமாட்டார். அவர் மனைவி உலகம்மை காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் அந்தக் கதைக்குச் சிரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. அது அவர் கண்ணில் பட்டதில்லை.

அந்த ஒன்பதில் ஏழாவது கேள்விதான் நல்லாண்டிபுரத்தைக் கவிழ்த்தது.

மழை ஐந்தாவது வருடமாகப் பொய்த்திருந்தது. ஆறு இருந்த இடத்தில் மணல் இருந்தது. மணலும் பாதிதான் இருந்தது, மீதியை லாரிக்காரர்கள் முன்பே அள்ளியிருந்தார்கள். இருக்கிற தண்ணீரையும் தானியத்தையும் வைத்துப் பத்துப் பேரில் ஏழு பேரைத்தான் அடுத்த பருவமழை வரை காப்பாற்ற முடியும் என்று ஒரு கணக்கு வந்தது. ஆட்சியர் கூட்ட அரங்கில் குளிரூட்டிகள் ஓட, ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு அதிகாரிகள் பஞ்சத்தைப் பற்றி மிகவும் வருத்தப்பட்டார்கள். அங்கேதான் டாக்டர் பியூலா பேசினார். ஐம்பது வயது தாண்டிய நுண்ணுயிரியல் ஆராய்ச்சியாளர். முட்டாள்களிடம் பொறுமையாகப் பேசிப் பேசி அந்தப் பொறுமையெல்லாம் தீர்ந்துபோன முகம்.

"பாக்டீரியாவுக்குப் பசி வந்தா என்ன செய்யும் சார்?"

"சாகும்," என்றார் வருவாய் அலுவலர்.

"சாகாது. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரைபோசோம்னு குட்டிக் குட்டி எந்திரம் ஆயிரக்கணக்குல இருக்கு. புரதம் செய்யுததுதான் அதோட வேலை. செல்லுக்குக் கிடைக்கிற சக்தியில பெரும்பங்கை இந்த எந்திரங்கதான் தின்னுது. சாப்பாடு கிடைக்கலை, குளிர் தாங்கலைன்னா பாக்டீரியா ஒரு சின்னப் புரதத்தை அனுப்பும். அது போயி எந்திரத்துக்குள்ள ஆப்பு மாதிரி உக்காந்துக்கிடும். எந்திரம் நிக்கும். ஆனா உடையாது, கெடாது. நல்ல காலம் வந்ததும் ஆப்பைக் கழட்டிட்டு மறுபடி ஓட ஆரம்பிக்கும்."

ஆப்பு என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பியூலா அவர்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அதே வேலையை மனுச உடம்புல செய்யுத மருந்து எங்கிட்ட இருக்கு. ஒரு ஊசி. பத்து மாசம் தூக்கம். சோறு வேண்டாம், தண்ணி துளிதான் வேணும். ஆனா ஒண்ணு. பாக்டீரியா எல்லா எந்திரத்தையும் நிறுத்தாது. கொஞ்சத்தை ஓட விட்டு வைக்கும். ஏன்னா ஆப்பைக் கழட்டணும்னாலும் அதுக்குக் கொஞ்சம் எந்திரம் ஓடிக்கிட்டு இருக்கணும்லா? எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாதுன்னு அதுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

ஆட்சியர் திரும்பித் தணிகைவேலைப் பார்த்தார். இருபத்தாறு வருடம் காத்திருந்த நிமிடம் அது.

"தெரியும் சார்," என்றார் தணிகைவேல். "ஏழாவது கேள்வி."

'தற்போது என்ன செய்கிறீர்கள்?' இதுதான் அந்தக் கேள்வி. கணக்கெடுப்பவர் கையில் ஒரு கருவி இருக்கும். பதில் சொல்பவரின் குரலைக் கேட்டு அதுவே குறியீடு போட்டுக்கொள்ளும். விவசாயம் என்றால் ஒன்று, கூலி என்றால் இரண்டு, அரசுப்பணி என்றால் மூன்று. எந்த வேலையும் செய்யாதவர்களுக்குப் பூஜ்யம். பூஜ்யம் வாங்கியவர்கள் முதலில் தூங்கட்டும், ஊருக்கு நஷ்டமில்லை. பூஜ்யத்துக்கு உரிய சொற்களை ஒரு வாரம் உட்கார்ந்து தணிகைவேலே தொகுத்தார். 'வேலை இல்லை', 'தேடிக்கிட்டு இருக்கேன்', 'வெட்டியா இருக்கேன்' என்று இருபத்தெட்டுச் சொற்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பட்டியலின் தலையில் 'சும்மா' என்ற சொல்லை வைத்தார். அந்தச் சொல் நாக்கில் விழுந்த உடனே கருவி பூஜ்யத்தைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். நேரம் மிச்சம்.

பியூலா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "முழிச்சதும் அவங்ககிட்ட ஒரு தடவை மறுபடி கேக்கணும். அதே ஒம்பது கேள்வியும். அவங்க திரும்பப் படுக்கணும்னா தடுக்கக் கூடாது. முழிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா ஆபத்து இல்லை."

"முழிச்சவன் எவன்மா திரும்பப் படுப்பான்?" என்று வருவாய் அலுவலர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நிபந்தனை செலவில்லாதது என்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

திட்டத்துக்கு 'அமைதித் துயில்' என்று பெயர் வைத்தார்கள். ஊர் அதை ஆப்பு ஊசி என்றது.

கணக்கெடுப்புத் தணிகைவேலின் வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. வந்தவள் ஜெபராணி என்ற ஒப்பந்த ஊழியர். அதிகாரி வீடு என்பதால் செருப்பை வாசலுக்கு வெகு தூரத்திலேயே கழற்றிவிட்டு வந்தாள். தணிகைவேல் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் அவருடைய அப்பா கைலாசம் ஆறு வருடமாகப் படுத்த படுக்கை. பக்கவாதம். பேச்சு மட்டும் வக்கணையாக மிச்சமிருந்தது.

உலகம்மை அன்று விடியுமுன்னே எழுந்து தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்று பதினோரு குடம் பிடித்திருந்தாள். மாமனாருக்குத் துணி மாற்றி, உடம்பைத் துடைத்து, புண் வராமல் பவுடர் போட்டு, கஞ்சி ஊட்டியிருந்தாள். இரண்டு பேருக்கும் சமைத்து, குளித்த தண்ணீரைச் சேர்த்துப் பிடித்து அதில் துணி அலசி, அந்தத் தண்ணீரையும் பிடித்துக் கக்கூசுக்கு வைத்திருந்தாள். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள்.

"அக்கா, இப்ப என்ன செய்யுதீங்க?"

உலகம்மை புருஷனைப் பார்த்தாள். அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"சும்மாத்தான் இருக்கேன்."

கருவி கிளுக்கென்றது. அதற்குப் பிறகு ஏதோ இரண்டு வார்த்தை அவர்கள் பேசிக்கொண்டார்கள். தணிகைவேல் அதைக் கவனிக்கவில்லை. விளையாட்டுப் பக்கத்தில் இருந்தார். "எங்க வீட்ல உழைக்கிறவன் நான் ஒருத்தன்தாம்மா," என்று தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு நகைச்சுவை மட்டும் வீசினார். ஜெபராணி மரியாதைக்குச் சிரித்தாள்.

கைரேகை வைக்கும்போதுதான் சிக்கல். உலகம்மையின் கட்டைவிரலைக் கருவி மூன்று தடவை ஏற்கவில்லை.

"ரேகை தேஞ்சு போயிருக்கு சார். இந்தத் தெருவுல முக்காவாசி அக்காமாருக்கு இப்படித்தான்."

"கையைக்கூட ஒழுங்கா வச்சிக்கிடத் தெரியாது," என்றார் தணிகைவேல். தேங்காயெண்ணெய் தடவி நாலாவது தடவை வைத்தபோது விழுந்தது. எந்த வேலையும் செய்யாத பெண்களுக்கு ரேகை எப்படித் தேய்ந்தது என்று ஒரு புள்ளியியல்காரனுக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்தது எண்ணுவது மட்டும்தான், பார்ப்பது அல்ல.

நல்லாண்டிபுரத்தில் பூஜ்யம் வாங்கியவர்கள் பதினோராயிரத்து நானூறு பேர். அதில் ஆண்கள் அறுநூற்றுச் சொச்சம். ஊரில் டீக்கடை பெஞ்சுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே அதைவிட அதிகம். ஆனால் அவர்களிடம் கேட்டபோது ஒருவன் ரியல் எஸ்டேட் என்றான், ஒருவன் அரசியல் என்றான், ஒருவன் 'பிசினஸ் ஒண்ணு போய்க்கிட்டு இருக்கு' என்றான். எதுவுமே செய்யாதவன் எவனும் சும்மா இருப்பதாகச் சொல்லவில்லை. எல்லாம் செய்தவர்கள்தான் சொன்னார்கள். அந்த அட்டவணையைப் பார்த்துத் தணிகைவேல் ஓரக்குறிப்பு ஒன்று எழுதினார். 'மகளிரின் உழைப்புப் பங்களிப்பு கவலைக்குரிய அளவில் குறைவாக உள்ளது.' ஆட்சியர் அதன் கீழ்க் கோடு போட்டு, நன்று என்று எழுதினார்.

பட்டியலில் உலகம்மையின் பெயர் இருப்பதை அலுவலகத்தில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நீக்கிவிடலாம் சார், ஒரு கையெழுத்துதான். தணிகைவேல் அரை நிமிடம் யோசித்தார். அந்த அரை நிமிடத்தில் அவர் மனதில் வந்தது உலகம்மை அல்ல, நாளைய செய்தித்தாள். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார். மறுநாள் அவர் எதிர்பார்த்தபடியே படம் வந்தது. 'சொந்த மனைவிக்கும் சலுகை காட்டாத அதிகாரி.' அதை வெட்டி எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

ஊசி போட்டவர்களைப் படுக்க வைக்க ஊரிலிருந்த கல்யாண மண்டபங்களையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். பஞ்சத்தில் யாருக்குக் கல்யாணம்? உலகம்மைக்குக் கிடைத்தது மேலரதவீதி மண்டபம். வாசலில் 'நல்வரவு' பலகை அப்படியே இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி போட்டதுபோல வரிசை வரிசையாகப் பாய். ஒவ்வொரு பாய்க்கும் ஓர் எண்.

"மாமாக்கு மத்தியானம் மாத்திரை ரெண்டு. பொழுதுக்கும் ஒரே பக்கமாப் படுக்க விடாதீய," என்று சொன்னாள் உலகம்மை.

"சரி சரி. தெரியும்," என்றார் தணிகைவேல். அவருக்கு மாத்திரை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. படுத்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மருந்தின் வேகம் என்று நினைத்துக்கொண்டார். ஊசி அப்போது போட்டிருக்கவே இல்லை.

முதல் வாரம் ஊர் அமைதியாக இருந்தது. தண்ணீர் மிச்சமாயிற்று. ஆட்சியர் பேட்டி கொடுத்தார்.

இரண்டாவது வாரம் நாறியது. உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நாறியது. மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை. இருந்தவர்களுக்குத் தலையில் பேன். நகராட்சி ஊழியர்கள் வரவில்லை, ஏனென்றால் வீட்டில் கிடக்கும் கிழவரைப் பார்க்க ஆள் இல்லை. லாரி வந்தது, ஆனால் வரிசையில் நிற்க ஆள் இல்லை. நின்ற ஆண்கள் முதல் நாளே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் ஐந்து வருடமாக ஒரு சாக்பீஸ் கோடும் நாலு கெட்ட வார்த்தையும் கொண்டு நடத்திய வரிசைக்கு இப்போது காவல்துறை தேவைப்பட்டது. ஒரு மாதத்துக்குள் வயிற்றுப்போக்கு வந்தது. அலுவலகங்களில் வருகைப் பதிவேட்டில் பாதிக் கட்டங்கள் காலி. குறியீடு ஒன்றும் இரண்டும் மூன்றும் வாங்கிய, ஊருக்கு இன்றியமையாத மனிதர்கள், சட்டையைத் துவைக்கத் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

தணிகைவேலின் அலுவலகமும் அவரில்லாமல் ஓடியது. அதைச் சொல்வதென்றால், அது எப்போதும் அப்படித்தான் ஓடியது. அவர் வீட்டில் இருந்தார். ஒன்பதாம் நாள் கைலாசத்தின் இடுப்பில் சிவப்பாக ஒரு வட்டம் வந்தது. பதினான்காம் நாள் அது புண்ணாயிற்று.

"ஆறு வருசத்துல ஒரு புண்ணு கிடையாதுல," என்றார் கைலாசம். "நீ ரெண்டு வாரத்துல வரவச்சிட்டே. பெரிய ஆபீசருதான்."

தணிகைவேல் அழுதார். அப்பாவுக்காக அழுதார் என்று எழுத ஆசைதான். கஞ்சி அடிப்பிடித்து, லாரி போய்விட்டு, துணி மூட்டையாகக் கிடந்த அந்தக் காலையில் அவர் தனக்காகத்தான் அழுதார். ஆனால் அழுதுவிட்டு எழுந்து, பாத்திரத்தைச் சுரண்டினார். வேறு யாரும் இல்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கப் பழகினார். புண்ணைக் கழுவக் கற்றுக்கொண்டார். குடத்தை இடுப்பில் வைக்க வரவில்லை, தோளில் வைத்தார். நாலு மாதத்தில் புண் ஆறியது. உள்ளங்கை காய்த்துப்போனது. அவருக்கு அலுத்துவிட்டது. உலகம்மை வேண்டும், அந்த வீட்டுக்கு வேண்டும், அந்தக் குடத்துக்கு வேண்டும், அப்பாவுக்கு வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் பொருமிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது மாதம் டாக்டர் பியூலாவைத் தேடிப் போனார்.

"எழுப்பிருங்க டாக்டர். எல்லாரையும். தப்பு நடந்துபோச்சு. ஒத்துக்கிடுதேன்."

பியூலாவின் மேசையில் தூசி படிந்திருந்தது. அவருடைய ஆய்வகத்தைப் பெருக்குகிறவளும் ஏதோ ஒரு மண்டபத்தில் கிடந்தாள். ஒப்பந்தம் முடிந்திருந்த மாதத்தில் கணக்கெடுப்பு வந்ததால் அவளும் சும்மா என்று சொல்லியிருந்தாள்.

"எப்படி எழுப்ப? சொல்லுங்க."

"அதுக்கு ஒரு ஊசி இருக்குல்லா?"

"ஊசி அரை நிமிசம். அதுக்கப்புறம் மூணு நாள். அரை மணிக்கு ஒரு தடவை புரட்டணும். கரண்டியால கஞ்சித் தண்ணி விடணும், தொண்டையில இறங்குதான்னு பாக்கணும். துணி மாத்தணும். கைகாலைப் பிடிச்சு விடணும். கண்ணசராம பக்கத்துலயே இருக்கணும். பதினோராயிரம் பேருக்கு இதை யார் செய்வா? இதைச் செய்யத் தெரிஞ்சவங்க எல்லாரையும் நீங்க பாயில படுக்க வச்சிட்டீங்க."

"பராமரிப்பாளர்னு நானூறு பேரை எடுத்தோமே?"

"எடுத்தீங்க. சீருடை வாங்கிட்டுப் போனாங்க. முதல் நாள் துணி மாத்தச் சொன்னேன். பொம்பளை வேலையெல்லாம் எங்களுக்கு ஆகாதுன்னுட்டாங்க." பியூலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கே சொன்னேன்லா. ஆப்பைக் கழட்டணும்னாலும் கொஞ்சம் எந்திரம் ஓடணும்னு. பாக்டீரியாவுக்கு மூளை கிடையாது சார். அதனாலதான் அது இந்தத் தப்பைச் செய்யாது."

"ஒரே ஒரு ஆளை எழுப்பலாமா?" என்றார் தணிகைவேல். "மூணு நாளும் நானே பாத்துக்கிடுதேன்."

"உங்களுக்கு வருமா?"

அவர் கையை நீட்டினார். பியூலா அந்த உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். அவர்மேல் மதிப்பு ஒன்றும் கூடவில்லை, ஆனால் அலமாரியைத் திறந்தார்.

மண்டபத்துக்கு அப்பாவையும் கட்டிலோடு கொண்டுபோக வேண்டியிருந்தது. கைலாசத்தை மாப்பிள்ளை அறையில் போட்டார்கள். "இந்த வயசுல மாப்பிள்ளையாக்கிட்டான்," என்று அவர் உற்சாகமாக இருந்தார். உலகம்மையைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்திலேயே ஒரு கட்டிலில் கிடத்தினார்கள்.

மூன்று நாள். அரை மணிக்கு ஒரு தடவை இங்கே புரட்டி, மணிக்கு ஒரு தடவை அங்கே புரட்டி, கஞ்சித் தண்ணீரை வடிகட்டி, கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தொண்டையைத் தடவிக் கொடுத்து, துணி அலசிப் போட்டு. முப்பது வருடத்தில் அவள் உடம்பை அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பாதம் முழுக்கப் பித்தவெடிப்பு. முழங்கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள். வலது தோள் இடதைவிடச் சற்று இறங்கியிருந்தது. எத்தனை வருடமாக என்று அவருக்குத் தெரியவில்லை.

மண்டபத்துக்கு வருமுன்பே அவர் தன் இரண்டாவது சாதனையையும் செய்துமுடித்திருந்தார். மேலிடத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதி, பூஜ்யத்துக்கு உரிய பட்டியலிலிருந்து 'சும்மா' என்ற சொல்லை நீக்க வைத்தார். 'வீட்டுப் பராமரிப்பு' என்று புதிதாக ஒரு குறியீடு போட வைத்தார். அதற்கு எண் நான்கு. உலகம்மை விழித்ததும் இதைச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார். அவள் கண் கலங்குகிற இடம்வரை ஒத்திகை இருந்தது. ஐந்து மாதம் பாத்திரம் தேய்த்தும் ஆள் முழுதாக மாறிவிடவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு உலகம்மை கண் திறந்தாள். மேலே கல்யாண மண்டபத்து மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"பத்து மாசம் ஆயிட்டா?"

"இல்ல உலகு. அஞ்சு மாசந்தான்."

அவள் அதை யோசித்தாள்.

"மாமா?"

"நல்லா இருக்காவ. உள்ளதான் இருக்காவ. கஞ்சி குடிச்சாச்சு."

"யாரு ஊட்டுனா?"

"நான்தான்."

"துணி மாத்துனது?"

"நான்தான்." அவர் குரலில் பெருமை ஏறிக்கொண்டே வந்தது.

"லாரித் தண்ணி?"

"நாந்தான் பிடிச்சேன். பத்துக் குடம். பதினொண்ணுகூடப் பிடிப்பேன்."

"அப்பம் எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கிடுதீய."

"ஆமா!"

"பெறகு எதுக்கு எழுப்புனீய?"

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. அவளிடம் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் ஒன்பது கேள்விகளில் எதன் பதிலுக்காகவும் அவர் இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

ஜெபராணி கருவியோடு வந்தாள். அவள் அம்மாவும் இதே கூடத்தில் இருநூற்றுப் பதினாறாம் பாயில் கிடந்தாள். "அக்கா, முழிச்சவங்ககிட்ட மறுபடி கேக்கணும்னு சட்டம். ஒம்பது கேள்வி." ஆறு கேள்விகளைச் சடசடவென்று முடித்தாள். "ஏழாவது. இப்ப என்ன செய்யுதீங்க?"

தணிகைவேல் அவசரமாகக் குனிந்தார். "ஏட்டி, வீட்டுப் பராமரிப்புன்னு சொல்லு. நாலு. நான்தான் போட வச்சேன்."

உலகம்மை அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சும்மாத்தான் இருக்கேன்."

'பதில் பதிவாகவில்லை. மீண்டும் சொல்லவும்,' என்றது கருவி, ஒரு தேன் குரலில்.

"சும்மா இருக்கேன்னு சொல்லுதேன்லா," என்றாள் உலகம்மை சற்று உரக்க.

'பதில் பதிவாகவில்லை.'

"பழக்கதோசத்துல சொல்லுதா!" என்று தணிகைவேல் ஜெபராணியிடம் பதறினார். "அன்னைக்கும் இப்படித்தான். கூச்சத்துல வாய் தவறிச் சொன்னது. அந்த ஒரு வார்த்தையாலதான் இவ்வளவும்."

ஜெபராணி கருவியை மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"இல்ல சார். வாய் தவறல. அன்னைக்கு அக்கா எங்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. நீங்க பேப்பர் பாத்துட்டு இருந்தீங்க."

"என்ன கேட்டா?"

"நடுவுல யாரும் எழுப்பிர மாட்டாவளேன்னு கேட்டாங்க. மாட்டாங்கக்கான்னு சொன்னேன். அப்பம் சும்மான்னே இருக்கட்டும்னாங்க." ஜெபராணி வரிசையாகக் கிடந்த பாய்களைப் பார்த்தாள். "அந்தத் தெருவுல நெறைய பேரு அதைத்தான் கேட்டாங்க சார். எங்கம்மாவும் கேட்டா."

வாசலில் நின்றிருந்த பியூலா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நாப்பது நிமிசம் இருக்கு," என்றார். "முடிவு அவங்களோடது. குடும்பத்துல ஒருத்தர் சாட்சிக்குக் கைரேகை வைக்கணும், அவ்வளவுதான்."

தணிகைவேலுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அலைந்தது. முப்பது வருடம் தன்னோடு வாழ்ந்துவிட்டு, அதைவிட ஒரு பாயில் பிணம்போலக் கிடப்பது மேல் என்று ஒருத்தி நினைத்திருக்கிறாள். தானும் பக்கத்திலேயே உட்கார்ந்து, யார் ஜெயித்தார்கள் என்று விளையாட்டுப் பக்கத்தைப் படித்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது. அவர் வாழ்க்கையில் அது புதிது.

"அஞ்சு மாசம் கழிச்சு எழுந்துக்கிடுவியா?" என்று கேட்டார்.

"அப்ப வந்து கேளுங்க," என்றாள் உலகம்மை. "பாப்போம்."

ஜெபராணி ஏழாவது கட்டத்தில் கையாலேயே ஒரு பூஜ்யத்தைப் போட்டாள். கருவியை அவர் பக்கம் நீட்டினாள். தணிகைவேல் கட்டைவிரலை வைத்தார்.

'ரேகை தெளிவாக இல்லை. மீண்டும் வைக்கவும்.'

வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். ஏற்கவில்லை. மூன்றாவது தடவையும் ஏற்கவில்லை. ஜெபராணி எதுவும் சொல்லாமல் கைப்பையிலிருந்து சின்னத் தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். அவள் அதை எப்போதும் வைத்திருப்பாள், அக்காமார்களுக்காக.

உலகம்மை தலையை லேசாகத் தூக்கி அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது அன்பான சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"கையைக்கூட ஒழுங்கா வச்சிக்கிடத் தெரியல," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நாலாவது தடவை ரேகை விழுந்தது. மாப்பிள்ளை அறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். புரட்டிப் படுக்க வைக்கிற நேரம் ஆகியிருந்தது.